பழைய ஸ்பிளெண்டர் வேகம் எடுக்கவில்லையா? எதையும் கழற்றும் முன் எந்த வரிசையில் பார்ப்பது

வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் நிற்கிறது, ஊருக்குள் ஓட்டினால் குறை தெரியவில்லை. ஆனால் பைபாஸில் ஏறி முழுக்க முறுக்கினாலும் 60-ஐத் தாண்டவில்லை. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஸ்பிளெண்டர் வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் குறை இது. பெரும்பாலும் எல்லோரும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். என் அனுபவத்தில் அது பத்தாவது இடத்தில் வர வேண்டிய வேலை. வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதுக்கு என்ற வரிசையில் போனால் பாதி வண்டிகள் ஸ்பேனர் எடுக்கும் முன்பே சரியாகிவிடுகின்றன.

இங்கே சொல்வது கார்புரேட்டர் உள்ள, 97.2 சிசி, நான்கு கியர் ஸ்பிளெண்டருக்கு. இதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 (CD 100), பேஷன் வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். இன்ஜெக்‌ஷன் வைத்த புது வண்டிகளுக்குப் பெட்ரோல், கார்புரேட்டர் பகுதிகள் பொருந்தாது.

1. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்

நல்ல நிலையில் இருக்கும் இந்த வண்டி, தனி ஆள், சமதளம், எதிர்க்காற்று இல்லை என்றால் 85-ஐ ஒட்டி நிற்கும். 100 போகவில்லையே என்பது குறை அல்ல. இந்த இன்ஜினின் சக்தி ஏழரை குதிரைத்திறனைச் சுற்றித்தான்.

மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். முன்சக்கரத்தில் இருந்து மீட்டருக்கு வரும் பல்சக்கரமும் கேபிளும் தேய்ந்தால் முள் ஆடும் அல்லது குறைத்துக் காட்டும். வேகத்தைப் பதிவு செய்யும் ஜிபிஎஸ் செயலி ஒன்றை ஓடவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்து பாருங்கள். ஓட்டும்போது எடுத்துப் பார்க்காதீர்கள்.

குறைந்த அளவே ஒரு துப்பு. காற்றைக் கிழித்துப் போகத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. அதனால் 85 ஓடிய வண்டி 80-க்கு இறங்கியிருந்தால் ஆறில் ஒரு பங்கு சக்தி போயிருக்கலாம். டயர் காற்று, ஃபில்டர், டேப்பட் (வால்வு இடைவெளி) என்று சின்னச் சின்னதாகச் சேர்ந்தாலே அவ்வளவு போய்விடும். ஆனால் 60-க்கு இறங்கியிருந்தால் பாதிக்கு மேல் சக்தி காணாமல் போயிருக்கிறது. அது பழைய பிளக்கால் மட்டும் வராது. ஆக்சிலேட்டர் முழுசாகத் திறக்கவில்லை, பெட்ரோல் போதவில்லை, கிளட்ச் நழுவுகிறது, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) போய்விட்டது என்று ஏதாவது பெரிதாக இருக்கும்.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வண்டியோடு வந்த டூல் கிட், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (சின்ன இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), டயர் காற்று அளக்கும் கேஜ், காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், டார்ச். கூடவே ஒரு நோட்டு. நோட்டுதான் முக்கியம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஓட்டிப் பார்த்து, எழுதி வையுங்கள். ஃபில்டர், பிளக், ஜெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. எதனால் இன்னும் மோசமானது என்றும் தெரியாது.

3. உச்ச வேகத்தைத் தொடாமல் சோதிப்பது

ஒவ்வொரு முறையும் உச்ச வேகம் போய்ப் பார்க்க அவசியமில்லை, அது ஆபத்தும்கூட. ஆள் நடமாட்டம் குறைந்த, நேரான ஒரு சாலையைத் தேர்ந்தெடுங்கள். இன்ஜின் சூடான பிறகு, நான்காவது கியரில் 40-ல் போய்க்கொண்டிருந்து முழுசாக முறுக்குங்கள். 40-லிருந்து 60 வர எத்தனை நொடி ஆகிறது என்று மனதில் எண்ணுங்கள். திரும்பி வரும்போது எதிர்த்திசையிலும் அதே போல. இரண்டின் சராசரிதான் உங்கள் அளவு. ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் காற்றும் சாலைச் சரிவும் ஏமாற்றிவிடும்.

அப்போது இன்ஜின் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள்.

சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச், 6-க்குப் போங்கள். சத்தமும் ஏறவில்லை, ஏதோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருக்கிறது என்றால் 5-ல் இருந்து ஆரம்பியுங்கள். முதல் சில கிலோமீட்டர் நன்றாக ஓடி, பிறகு தானாக இறங்கி, கொஞ்சம் நிறுத்தி எடுத்தால் மறுபடி நன்றாக ஓடுகிறது என்றால் நேராக 7-க்குப் போய்விடலாம். உச்சத்தில் மட்டும் விட்டு விட்டு மிஸ்ஸிங் வந்தால் பிளக்கிலோ பெட்ரோலிலோ இருக்கும்.

4. ஆக்சிலேட்டர் உண்மையிலேயே முழுசாகத் திறக்கிறதா?

இதை யாரும் பார்ப்பதில்லை. நாம் கைப்பிடியை முழுசாகத் திருகுகிறோம் என்பதற்காக கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடு முழுசாக ஏறுகிறது என்று அர்த்தமில்லை. கேபிள் நீண்டிருக்கலாம், உள்கம்பி பிரிந்து சிக்கலாம், மாற்றியபோது வேறு வழியாக இழுத்து விட்டிருக்கலாம்.

இன்ஜினை அணைத்து, கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி ஒதுக்குங்கள். டார்ச் அடித்துக்கொண்டு இன்னொருவரை முழுக்க முறுக்கச் சொல்லுங்கள். ஸ்லைடின் கீழ் விளிம்பு மேலே மறைந்து, வழி முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பாதி நிலா மாதிரி ஒரு விளிம்பு தொங்கிக்கொண்டிருந்தால் குறை அங்கேயே கிடைத்துவிட்டது. கைப்பிடியில் 2 முதல் 6 மி.மீ. வரை லூஸ் இருக்கலாம், அதற்கு மேல் என்றால் அட்ஜஸ்டரில் இழுத்து விடுங்கள். பிறகு குழாயை மாட்டி, இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஐடிலிங் ஏறினால் அளவுக்கு மேல் இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

அங்கே இருக்கும்போதே சோக் லிவர் முழுசாகத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காலையில் போட்ட சோக் பாதியிலேயே நிற்பது சாதாரணமாக நடக்கும்.

5. வண்டி லேசாக உருளுகிறதா?

டயரில் இருந்து தொடங்குங்கள். தனி ஆளுக்கு முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ.; பின்னால் ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்கு 40-ஐ ஒட்டி. காலையில் வண்டி எடுக்கும் முன் அளந்தால்தான் சரியான அளவு. ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும்.

அடுத்து சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சில சுற்று தானாகப் போக வேண்டும். முன்சக்கரத்தையும் தரையில் இருந்து தூக்கி அதே போல. பிரேக்கை ஒருமுறை அழுத்தி விட்டு மறுபடி சுற்றுங்கள். இதை மறக்காதீர்கள். பிரேக் ஷூவை விரிக்கும் கேம் கிரீஸ் வற்றித் துருப்பிடித்திருந்தால், அழுத்திய பிறகுதான் திரும்பி வராமல் நிற்கும். பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் ஷூ உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது: செயின் லூஸ் என்று இறுக்குகிறார்கள். இறுக்கும்போது பின்சக்கரம் பின்னால் நகருகிறது. சக்கரம் நகர்ந்தால் பிரேக் ராடும் தானாக இறுகிவிடும். செயினை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்தால், அன்றிலிருந்து பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். "செயின் டைட் பண்ணதுல இருந்து வண்டி கனமா இருக்கு" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது பிரேக் நட்டைத்தான். செயினைத் தொட்டால் பிரேக் மிதியின் லூஸையும் பார்த்தாக வேண்டும். அது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கலாம்.

செயினுக்கும் ஏறக்குறைய அதே லூஸ்தான். கவரில் உள்ள ரப்பர் மூடியை எடுத்து விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவு நீண்டிருக்காது. எந்த இடத்தில் அதிகம் இறுக்கமோ அதை வைத்தே சரிசெய்யுங்கள். லூஸான இடத்தை வைத்து இறுக்கினால் இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் பேரிங்கை இழுக்கும்.

செகண்ட்ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் ஸ்ப்ராக்கெட் பல்லையும் எண்ணிப் பாருங்கள். சுமை இழுக்க வேண்டும் என்று பின்னால் அதிகப் பல் போட்டிருந்தால் பிக்கப் நன்றாக இருக்கும், உச்ச வேகம் குறையும். கையேட்டில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

6. கிளட்ச்

லிவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை லூஸ் இருக்க வேண்டும். லூஸே இல்லை என்றால் நாம் எப்போதும் கிளட்ச்சைக் கொஞ்சம் பிடித்தபடி ஓட்டுவது போலத்தான். பிளேட் நழுவும், சூடாகும், தேயும். லூஸ் சரியாக இருந்தும் நழுவினால் கடைசியாக என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். இந்தக் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுவது. உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த கார் ஆயில் ஊற்றினால் பிளேட்டும் சேர்ந்து வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்று போட்டிருக்கும் பைக் ஆயிலை ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகு பிளேட் மாற்றுவதைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

7. பெட்ரோல் போதுமான அளவு வருகிறதா?

தெருவில் ஒரு அண்ணன் தன் வண்டியைக் கொண்டுவந்தார். மூன்று கிலோமீட்டர் போனால் 50-க்கு இறங்கிவிடுகிறது, டீக்கடையில் நிறுத்தி எடுத்தால் மறுபடி ஓடுகிறது என்றார். ஒரு பட்டறையில் கார்புரேட்டரை இரண்டு முறை கழுவி, பிறகு புதிதாகவே மாற்றியும் ஆகிவிட்டது. நான் பின்னால் உட்கார்ந்து போனேன். வேகம் இறங்கியதும், "அண்ணே, ஓரமா நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்க" என்றேன். திறந்ததும் காற்று 'ஸ்ஸ்ஸ்' என்று உள்ளே இழுத்தது. மூடியை அப்படியே லேசாக வைத்துக்கொண்டு மெதுவாக உருட்டி, பிறகு முறுக்கச் சொன்னேன். இழுவை திரும்பி வந்துவிட்டது. மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கிறது. தூசியும் பாலிஷும் சேர்ந்து அது அடைத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழே போவதைத் தடுத்தது. நிறுத்தி வைத்த நேரத்தில் மெல்லக் காற்று கசிந்து உள்ளே போய் மறுபடி சரியானது. மூடியைக் கழற்றிக் கழுவி, காற்றடித்து விட்டோம். அதோடு சரி.

மூடி சரியாக இருந்தால் ஓட்டத்தை அளக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு, பீடி எதுவும் கூடாது. கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றிப் பாட்டிலுக்குள் விட்டு, டேங்க் மூடியை இறுக்கி மூடிய நிலையில், டேங்குக்குக் கீழே உள்ள பெட்ரோல் டேப்பை (காக்) திறங்கள். கணக்கு எளிது. 80-ல் ஓடும்போது லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 2 லிட்டர், நிமிடத்துக்கு 33 மி.லி. வேண்டும். டியூபில் இருந்து நிமிடத்துக்கு 100 மி.லி.க்குக் குறையாமல், மூன்று நிமிடமும் ஒரே மாதிரி வந்தால் கவலையில்லை. நூலாக இழைந்து வந்தாலோ, போகப் போகக் குறைந்தாலோ அடைப்பு இருக்கிறது.

அடைப்பு எங்கே? காக்கின் சல்லடை, டேங்கின் அடித்துரு, இடையில் போட்ட வெளி ஃபில்டர், மடங்கிய டியூப். ரிசர்வில் நன்றாக வந்து மெயினில் வரவில்லை என்றால் டேங்குக்குள் நிற்கும் மெயின் குழாய் அடைத்திருக்கலாம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நின்ற வண்டியில் அடியில் தண்ணீரும் துருவும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய ரப்பர் டியூபும் ஓ-ரிங்கும் அதில் ஊறி உப்பலாம், விரிசல் விடலாம். டியூபை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு, சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

8. ஏர் ஃபில்டர்

பழைய வண்டிகளில் வருவது ஸ்பாஞ்சு. மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, இன்ஜின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். பிறகு வந்த பேப்பர் ஃபில்டரைக் கழுவவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

சோதிக்க ஒரு நிமிடம் ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவார்கள். அதை நான் செய்வதில்லை. காற்று கூடி கலவை மெலிந்துவிடும், அதனால் கிடைக்கும் முடிவும் நம்பும்படி இருக்காது. ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுவதை நினைத்தே பார்க்காதீர்கள். நம் ஊர்ப் புழுதி சிலிண்டரை அறுத்துவிடும்.

9. பிளக்

முழு முறுக்கில் கொஞ்ச தூரம் ஓட்டி, ஓரமாக நிறுத்தி அணைத்து, ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். ஐடிலிங்கில் ரொம்ப நேரம் விட்டுவிட்டுப் பார்த்தால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் தெரியும். மண் நிறம் அல்லது காபித்தூள் நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஃபில்டரையும் சோக்கையும் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கோ காற்று புகுகிறது. எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் 13-ஐப் படியுங்கள்.

இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. இடைவெளி கூடியிருந்தால் ஐடிலிங்கில் பொறி வந்துவிடும், முழு முறுக்கில் உள்ளழுத்தம் ஏறும்போது தாண்ட முடியாமல் மிஸ்ஸாகும். பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயரின் நுனி பச்சைப் பூத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள்.

10. இப்போது கார்புரேட்டர்

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் ஏர் ஸ்குரூ ஐடிலிங்கையும் கால்வாசி முறுக்கையும்தான் பாதிக்கும். முழு முறுக்கில் பெட்ரோலைத் தீர்மானிப்பது மெயின் ஜெட் என்ற, சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு. உச்ச வேகம் இல்லை என்று ஏர் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேகமும் வராது, இருந்த ஐடிலிங்கும் போகும்.

கழற்றினால் மெயின் ஜெட்டைத் தனியாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் தெளித்து, காற்றடியுங்கள். ஊசி, கம்பி எதையும் விடாதீர்கள். பித்தளை மெதுவானது, ஒரு முறை கீறினாலே அளவு மாறிவிடும். ஜெட்டில் உள்ள எண், கையேட்டில் உள்ளதுதானா என்றும் பாருங்கள். மைலேஜ் வேண்டும் என்று சின்ன ஜெட் போட்டு விட்டிருப்பார்கள். ஸ்லைடில் தொங்கும் நீடிலின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள்.

மாட்டிய பிறகு, இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஐடிலிங் மாறினால் அங்கே ஓ-ரிங் வழியாகக் காற்று புகுகிறது.

11. டேப்பட்

இன்ஜின் முழுசாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ராத்திரி நிறுத்தி காலையில் பார்ப்பது நல்லது. இடது பக்க மூடிகளைத் திறந்து, இன்ஜினை இடஞ்சுழியாகத் திருப்பி, ஃப்ளைவீலில் உள்ள 'டி' (T) குறியை நேராகக் கொண்டுவாருங்கள். வால்வை அழுத்தும் இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் கம்ப்ரஷன் முனையில் நிற்கவில்லை, இன்னொரு சுற்று திருப்புங்கள். பழைய மாடல்களில் இரண்டு வால்வுக்கும் ராக்கரோடு இருக்க வேண்டிய இடைவெளி 0.05 மி.மீ. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி.

'டக் டக்' சத்தம் கேட்கக் கூடாது என்று இறுக்கிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. இறுக்கிய வால்வு சூடானதும் முழுசாக உட்காராது. கம்ப்ரஷன் கசியும், நாளடைவில் வால்வின் விளிம்பு எரியும். மெல்லிய சத்தம் இருந்தால் இருக்கட்டும்.

12. சைலன்சர்

ஐடிலிங்கில் பின்னால் கையை நீட்டி, தொடாமல், காற்று துடித்துத் துடித்து வருகிறதா என்று பாருங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஆயில் எரித்த வண்டியில் கரி அடைத்திருக்கும். பெண்ட் பைப் நசுங்கியிருந்தாலும் புகை வெளியேறாது. புகை போகாவிட்டால் புதுக் காற்று உள்ளே வர இடமில்லை.

13. இத்தனைக்கும் பிறகுதான் இன்ஜின்

சாவி ஆஃபில் இருக்க, கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். நல்ல இன்ஜின் ஒரு இடத்தில் எதிர்த்து நிற்கும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக் இல்லாமலே இரண்டு முறை மெதுவாக உதைத்து, பிளக்கை மாட்டி மறுபடி பாருங்கள். எதிர்ப்பு கூடினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரும் (போர்) தேய்ந்திருக்கின்றன. ஆயில் தற்காலிகமாக இடைவெளியை அடைத்திருக்கிறது. எதிர்ப்பு கொஞ்சமும் கூடவில்லை என்றால் வால்வு உட்காரவில்லை.

முறுக்கும்போது நீலப் புகை வந்தால் ரிங். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு வந்து மறுபடி முறுக்கும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். சீல் மட்டும் போயிருக்கும்போது முழு போர் வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹெட்டைத் திறந்த வண்டி என்றால், அதற்குப் பிறகுதான் வேகம் குறைந்தது என்றால், டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டறையில் கொடுக்கும்போது உங்கள் நோட்டையும் கொண்டுபோங்கள். எதையெல்லாம் பார்த்தாகிவிட்டது, 40-லிருந்து 60 வர எத்தனை நொடி, பிளக் என்ன நிறம் என்று சொன்னால் நல்ல மெக்கானிக் மறுபடி கார்புரேட்டரில் இருந்து தொடங்க மாட்டார். போர் போட்டு புது பிஸ்டன் மாட்டினால் முதல் 500 கிலோமீட்டர் முழு முறுக்கு வேண்டாம். அது முடிந்து ஆயில் மாற்றிய பிறகு, அதே சாலையில், அதே நான்காவது கியரில், 40-ல் இருந்து எண்ணத் தொடங்குங்கள்.